தின்பண்டம் விற்கும் உரிமை

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை ஏலம் எடுத்தவரிடம் "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டால், காகிதத்தின்படி அவர் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "தின்பண்டம் விக்கிறேன், காலி பாட்டில் சேகரிக்கிறேன்." கேலிக்காகச் சொன்னதல்ல. பார்களுக்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் உரிமம் எதற்கு என்ற இடத்தில் எழுதியிருப்பதே அவ்வளவுதான். மதுவை விற்பது அரசு. அதற்குத் தொட்டுக்கொள்ள விற்பவரும், குடித்து முடித்த பாட்டிலை அள்ளுபவரும்தான் குத்தகைதாரர்.

இந்த ஏற்பாடு ஒருமுறை நீதிமன்றத்தில் நன்றாகவே அடிபட்டது. தின்பண்டம் விற்கிறோம் என்ற பெயரில் பார் நடத்த டாஸ்மாக்குக்கு மதுவிலக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை, ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் மூடுங்கள் என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.சரவணன் உத்தரவிட்டார். மேல்முறையீடு போனது, பார்கள் மூடப்படவில்லை. இந்த மாநிலத்தில் மது விற்பதற்கான விதிகள் எல்லாமே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவைதாம். ஆகவே இதில் யாரும் ரொம்ப ஆச்சரியப்படவில்லை.

சட்டத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டுத் தின்பண்டத்துக்கு வருவோம். 2024-25 நிதியாண்டில் சுமார் 4,800 கடைகள், 48,344 கோடி ரூபாய் வருவாய். இவ்வளவு பெரிய வியாபாரத்துக்குப் பக்கத்தில், காகிதத்தின்படி 'தின்பண்டம் விற்பதற்காகவே' இருக்கும் இடத்தில், ஒரு மனிதன் நிம்மதியாக உட்கார்ந்து தின்ன என்ன கிடைக்கிறது?

திருப்பரங்குன்றத்தை எடுத்துக்கொள்ளலாம். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். தனி நகராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சிக்குள் வந்த ஊர். முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணம் நடந்த தலம் என்பதால், முகூர்த்த நாளில் சன்னதி தெருவில் நடக்க இடமிருக்காது. மாலைக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே ஒரே நேரத்தில் நாலு மாப்பிள்ளை ஊர்வலம் வரும். மண்டபத்தில் ரிசப்ஷன் தொடங்கி, மேடையில் போட்டோ எடுக்க வரிசை நீண்டதும், மாப்பிள்ளையின் சிநேகிதர்களில் நாலைந்து பேர் காணாமல் போவார்கள். பெங்களூரிலிருந்து வந்தவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பான். "இங்க பக்கத்துல பப் மாதிரி எதுவும் இருக்காடா? ஒரு பீரு, ஒரு பர்கர்னு..." என்று அவன் இழுக்கும்போது உள்ளூர்க்காரன் சிரிப்பான்.

சிரிப்பதற்குக் காரணம் உண்டு. தெருமுனை பப் என்ற வகையே தமிழ்நாட்டு உரிமப் பட்டியலில் கிடையாது. எஃப்.எல்.2 என்பது 'மனமகிழ் மன்றம்' எனப்படும் கிளப்புகளுக்கு, எஃப்.எல்.3 நட்சத்திர ஓட்டல்களுக்கு, மற்றவர்களுக்கு டாஸ்மாக். திருப்பரங்குன்றத்துக்காரர் நாற்காலியில் சாய்ந்து, மேசையில் துணி விரித்து, தட்டில் சாப்பாடு வைத்து ஒரு பீர் குடிக்க ஆசைப்பட்டால் பசுமலை பக்கம்தான் ஏற வேண்டும். ஹார்வி மில் காலத்துத் துரை பங்களாவைச் சுற்றி எழுந்த நட்சத்திர ஓட்டல் அங்கே இருக்கிறது. அழகான இடம், மேலே நின்றால் மதுரை முழுக்கத் தெரியும். ஆனால் அங்கே ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வரும் காசில், ரத வீதியில் பூ விற்பவர் வீட்டுக்கு ஒரு வாரத்து மளிகை வாங்கிவிடலாம். அக்கம்பக்கத்து பப் என்று அதைச் சொல்ல முடியாது.

பப் வரவில்லை. பர்கர் மட்டும் தனியாக வந்துவிட்டது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பசுமலை தாண்டித் திருநகர் வரை சாயங்காலம் ஆறு மணிக்குமேல் போனால், பானிபூரி வண்டிக்கும் காளான் வண்டிக்கும் பக்கத்தில் பர்கர் வண்டியும் நிற்கிறது. மேலே வெள்ளை எல்.இ.டி. பல்பு. பிளெக்ஸில் அச்சடித்த பர்கர் ஒரு சாண் உயரம், அடுக்கு அடுக்காகக் கீரையும் சீஸும். கீழே நடப்பது வேறு கதை. தம்பி பேக்கரி பன்னைக் குறுக்கே கீறி, தோசைக்கல்லில் வெண்ணெய் மாதிரி ஒன்றைத் தடவி முகம் குப்புறக் கவிழ்க்கிறார். உறைபெட்டியிலிருந்து எடுத்த சிக்கன் வட்டம் எண்ணெய்க்குள் போகிறது. அது பொரிந்து வருவதற்குள் முட்டைக்கோஸைச் சீவி, வெங்காயத்தை வளையமாக நறுக்கி, சிவப்புச் சாஸ் ஒரு கோடு, வெள்ளைச் சாஸ் ஒரு கோடு. பன்னை மூடி, நடுவில் பல்குச்சி குத்தி, வெண்ணெய்த்தாளில் சுற்றிக் கையில் தருகிறார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வேகத்தில் குறை சொல்ல முடியாது.

கடித்துப் பார்த்தால் முதலில் வருவது இனிப்பு. நம் பேக்கரி பன் தேநீரில் முக்கித் தின்னவோ, நடுவில் கீறி வெண்ணெயும் ஜாமும் தடவவோ பிறந்தது. இறைச்சியைத் தாங்குவதற்கு அது பழகவில்லை. இரண்டாவது கடியில் அடிப்பக்கம் நனைந்து பிய்கிறது. சிக்கன் வட்டத்துக்கு வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுத்தன்மையும் உண்டு, கோழி எங்கோ தூரத்தில் கொக்கரிக்கிறது. ருசி என்று நாக்கில் நிற்பது அந்த வெள்ளைச் சாஸ்தான்.

அந்த வெள்ளைச் சாஸுக்கு ஒரு வரலாறு உண்டு. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சரியாகப் பதப்படுத்தாத பச்சை முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் என்பதுதான் காரணம். கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே இதைச் செய்திருந்தன. நாமக்கல் முட்டையை உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் மாநிலத்தில் முட்டையில்லாத மயோனைஸ் வாளி வாளியாக விற்பனைக்கு வந்தது இப்படித்தான். தள்ளுவண்டியில் விற்கும் ஒரு கரண்டி சாஸைக்கூட அரசு இவ்வளவு கவனமாகப் பார்த்தது, பாராட்ட வேண்டியதுதான். இதே கண்ணால் அது தன் கடையை ஒட்டிய பாருக்குள் எட்டிப் பார்த்ததுண்டா என்பதுதான் கேள்வி.

பாருக்குள் போனவர்களுக்குத் தெரியும். இது எந்த ஒரு பாரையும் சுட்டிச் சொல்வதல்ல, தெற்கிலிருந்து வடக்கு வரை காட்சியில் பெரிய மாற்றம் இல்லை. தகரக் கொட்டகை, ஈரத்தரை, கால் ஆடும் பிளாஸ்டிக் மேசை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை, ஆனால் அந்தச் செய்தி இங்கே இன்னும் வந்து சேரவில்லை. 'டச்சிங்' என்று கேட்டால் ஊறுகாய்ப் பொட்டலம், நாலு கீற்று மாங்காய், அன்னாசித் துண்டு, தாளில் மடித்த சுண்டல், மிக்சர். கொஞ்சம் வசதியான பார் என்றால் அவித்த முட்டையும், காலையில் பொரித்து மாலையில் சூடு காட்டிய கோழியும் கிடைக்கும். விலைப்பட்டியல் இருக்காது. சப்ளையர் சொல்வதுதான் விலை, அதை அவர் குடித்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

குறையைச் சொல்லும்போது நிறையையும் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் ஒரு பாராவது இதற்கு விலக்காக இருக்கும். அங்கே ஒரு மாஸ்டர் கல்லைப் போட்டு ஈரலும் குடலும் சுவரொட்டியும் மிளகு தூக்கலாக வறுத்துக் கொடுப்பார். குடிக்காதவர்கூடப் பார்சல் வாங்கப் பின்வாசலில் நிற்பார். மதுரைக்காரர்களுக்கு அப்படி ஒரு இடமாவது தெரியாமல் இருக்காது. அது அந்த மாஸ்டரின் கைமணம். ஒப்பந்தம் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் குடிப்பதன் வேகம் உலகின் பல ஊர்களுக்குப் புதிராக இருக்கும். இங்கே பெரும்பாலும் ஓடுவது பிராந்தி, பாட்டிலில் 42.8 சதவீத ஆல்கஹால் என்று போட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரை முன்பின் தெரியாத இரண்டு பேர் காசு போட்டு வாங்கிப் பாதிப்பாதி ஊற்றிக்கொள்வதற்குக் 'கட்டிங்' என்று பெயர். டம்ளரில் ஊற்றித் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கலந்து, நின்ற வாக்கில் ஒரே மடக்கு. ஊறுகாயை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலும் வெறும் வயிறு, காலையில் தின்ற நாலு இட்லியோடு பகல் முழுக்கச் சித்தாள் வேலை பார்த்த வயிறு.

உடம்பு இதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது மருத்துவ மாணவர் முதல் ஆண்டிலேயே படிப்பது. மது ரத்தத்தில் பெரும்பாலும் கலப்பது சிறுகுடலில். வெறும் வயிற்றில் அது இரைப்பையில் தங்காமல் நேரே அங்கே இறங்கிவிடும். புரதமும் கொழுப்பும் உள்ள சாப்பாடு இரைப்பையில் இருந்தால் கீழ்வாய் மெதுவாகத் திறக்கும், போதை நிதானமாக ஏறும், அதன் உச்சமும் குறையும். கல்லீரலுக்குப் போய்ச் சேரும் மொத்த மது பெரிதாகக் குறையாது, ஆகவே இதை மருந்து என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் பத்து மணிக்கு பைக்கை எடுப்பவனுக்கும், அவன் போய்ச் சேரும் வீட்டில் கதவைத் திறப்பவளுக்கும் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

பழைய தமிழனுக்கு இது தெரிந்திருந்தது போலிருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினத்துக்குப் போகும் பாணனுக்குப் பழந்தேறலோடு சுட்ட கருவாடும் கிடைக்கும் என்று வழி சொல்லப்படுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தில் கறி தின்று தின்றே பொருநனின் பல் ஏர்க்கொழுவைப் போல மழுங்கிவிடுகிறது. மதுரைக்காஞ்சியின் மதுரையில் கள் விற்கும் இடத்துக்கென்று தனிக்கொடி பறந்தது. பிரிட்டன் பப் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கொடியையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். கள்ளும் கறியும் ஒரே பாயில் இருந்த காலம் அது.

அந்தப் பாயைச் சுருட்டியது இருபதாம் நூற்றாண்டு. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது, சில ஆண்டுகளில் மறுபடி மூடியது. எம்.ஜி.ஆர். காலத்தில் மீண்டும் திறந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இத்தனை முறை திறந்து மூடியதில் குடிப்பவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கிடைக்கும்போது குடி, சீக்கிரம் குடி, யார் கண்ணிலும் படாமல் குடி. உட்கார்ந்து தின்பதற்கு அந்தப் பாடத்தில் இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இந்தியா முழுக்கக் குடிப்பவர்கள் தட்டில் கேட்கும் பண்டம் சிக்கன் 65. அது 1965இல் தங்கள் அடுப்பில் பிறந்தது என்று சென்னை அண்ணா சாலை புகாரி ஓட்டல் உரிமை கொண்டாடுகிறது. அந்த ஆண்டில் சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது. குடியில்லாத ஊர் கண்டுபிடித்த தொடுகறியை நாடே எடுத்துக்கொண்டது, குடி வந்த பிறகு அதே ஊரின் பார்களில் அது ஆறிப்போய்க் கிடக்கிறது.

பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். கேரளத்தில் கள்ளு ஷாப்புக்குக் கள்ளுக்காக மட்டும் போவது குறைவு. மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும், வாத்துக்கறியும் கரிமீனும் தேடிப் போகிறார்கள். உதயம்பேரூர் முல்லைப்பந்தல் போன்ற ஷாப்புகளின் பெயர் ஊர் கடந்து தெரிவதற்குச் சமையல்தான் காரணம். பல ஷாப்புகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடத் தனி அறையே உண்டு, குழந்தைகள் குழம்பில் அப்பம் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடைக்குத் 'தவறணை' என்று பெயர், ஐரோப்பியர் விட்டுப்போன சொல். அங்கே 1970களில் இருந்து பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள் விற்பனையில் இருக்கின்றன. குடிப்போர் தொட்டுக்கொள்வதை 'பைற்' என்கிறார்கள், இலங்கை முழுக்க அதற்கென்றே ஒரு சமையல் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கள்ளே தடையில் இருப்பதால் அந்தப் பேச்சு வேறு கட்டுரைக்கு.

பர்கருக்கும் பப்புக்கும் முடிச்சுப் போட்ட பிரிட்டனில்கூட பப் சாப்பாடு நீண்ட காலம் கேலிப்பொருள்தான். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட், ஊறவைத்த முட்டை, ஆறிப்போன பை. 1991இல் லண்டன் ஃபாரிங்டன் ரோட்டில் மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் என்ற இருவர் 'தி ஈகிள்' என்ற பழைய பப்பை எடுத்து, பார் மேசைக்குப் பின்னாலேயே ஒரு சின்ன அடுப்பைப் போட்டு, அன்றாடம் கரும்பலகையில் எழுதிச் சமைத்தார்கள். 'கேஸ்ட்ரோபப்' என்ற சொல் அங்கே தொடங்கியதுதான். அவர்கள் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குடிக்க வந்தவனுக்குப் பசிக்கும் என்பதை ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

அதைவிட நமக்கு நெருக்கமான கதை இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நடந்தது. ஸ்மெத்விக் போன்ற தொழில் நகரங்களில் இரும்பு வார்ப்புப் பட்டறை வேலைக்குப் போன இந்தியர்களைப் பல பப்களில் உள்ளறைக்கு விடமாட்டார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அங்கே போய், அப்படி நிறவேற்றுமை பார்த்த 'புளூ கேட்ஸ்' பப்புக்குள் நுழைந்து பார்த்தார். ஒன்பது நாளில் அவர் கொல்லப்பட்டார். பிற்பாடு அந்த வட்டாரத்துப் பப்களை இந்தியர்களே வாங்கினார்கள். பர்கரை எடுத்துவிடவில்லை, பக்கத்தில் தந்தூரி அடுப்பைப் போட்டார்கள். கோழியும் ஆட்டு விலாவும் மீனும் புகையோடு இரும்புத் தட்டில் வரும் 'மிக்ஸ்டு கிரில்' இன்று அந்தப் பகுதியின் சொந்தச் சாப்பாடு, வெள்ளைக்காரர்களும் குடும்பத்தோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். இதைப் பற்றி டேவிட் ஜேசுதாசன் 2023இல் 'தேசி பப்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அக்கம்பக்கத்து பப் என்றால் அக்கம்பக்கத்தின் அடுப்பு அதில் எரிய வேண்டும்.

திருப்பரங்குன்றத்தின் அடுப்பில் பர்கர் எப்படி இருக்கும்? ஊர்க்காரர்களைக் கேட்டால் முதலில் பரோட்டா என்பார்கள். பன்னைத் தேடாமல் பரோட்டாவையே பன்னைப் போல உப்பவைத்துப் 'பன் பரோட்டா' என்று பெயர் வைத்த ஊர் மதுரை. மேலே மொறுமொறுவென்று, உள்ளே இழை இழையாக, சால்னாவைக் குடித்தாலும் உடையாமல் நிற்கும். இறைச்சியைத் தாங்க இதைவிடத் தோதான ரொட்டி வேண்டியதில்லை.

உள்ளே வைக்கக் கோலா உருண்டை இருக்கிறது. நல்ல கைக்காரர் செய்வதைப் பார்க்க வேண்டும். கொழுப்பு சேர்ந்த ஆட்டுக்கறியைக் கொத்தி, சின்ன வெங்காயம், சோம்பு, கசகசா, தேங்காய், பச்சை மிளகாயோடு அரைத்து, பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைவார்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்ட வேண்டும். மாவு கூடினால் கல்லாகும், குறைந்தால் எண்ணெயில் கரையும். பழைய சமையலில் உருண்டை பிரிந்துவிடாமல் வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றிப் பொரிப்பார்கள். அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கித் தோசைக்கல்லில் போட்டால் அதுதான் நம் பர்கர் வட்டம். பொட்டுக்கடலை கறியின் சாற்றை உள்ளேயே பிடித்து வைக்கும். கோலாவும் பன் பரோட்டாவும் தனித்தனியாக அந்த வட்டாரத்தில் நூறு கடையில் கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் சுற்ற யாருக்காவது ஒருநாள் தோன்ற வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

சங்கிலிக் கடைகளும் இதைத்தான் செய்தன என்பதை மறந்துவிடுகிறோம். மெக்டொனால்ட்ஸ் 1996இல் தில்லியில் முதல் கடை திறந்தபோது மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல் வந்தது. உருளைக்கிழங்கு டிக்கியை பன்னுக்குள் வைத்து, அதையே நாடு முழுக்க விற்றது. வெளிநாட்டுக்காரன் நம் டிக்கிக்கு மரியாதை கொடுத்தான், நாம் நம் கோலாவுக்குக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும், எழவும் வேண்டும். குடிக்கிற இடத்தில் நல்ல சாப்பாடு போட்டால் குடி மரியாதையாகிவிடும், குடிக்காதவனும் போய் உட்காருவான் என்பது அந்தக் குரல். 2023இல் இந்தப் பயம் ஊர் முழுக்கக் கேட்டது. மாநாட்டு அரங்கங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஏப்ரலிலேயே திருமண மண்டபத்தை மட்டும் நீக்கிக்கொண்டது. முகூர்த்த நாளில் மண்டபங்கள் நிரம்பி வழியும் திருப்பரங்குன்றம் போன்ற ஊரில் அந்தச் செய்தி எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிக் குடத்தோடும் குழந்தையோடும் ரோட்டில் உட்கார்ந்த பெண்களிடம் போய், பாரில் பர்கர் நன்றாக இல்லை என்று முறையிட்டால் துடைப்பம்தான் கிடைக்கும். அந்தத் துடைப்பத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் நன்றாகக் கவனித்தால், அந்தப் பெண்களின் புகாரில் பாதி இந்தக் கட்டுரையின் புகார்தான். கூலிக் காசு வெறும் வயிற்றில் பிராந்தியாக இறங்குவதும், வீட்டுக்கு வந்து சேர்பவன் மனிதனாக வராததும்தான் அவர்கள் சொல்வது. கடையை மூடும் கொள்கை அரசுக்கு இருந்தால் மூடட்டும், யாரும் அழப்போவதில்லை. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது ஊர் நின்றுபோய்விடவில்லை. ஆனால் மீதிக் கடைகளைத் திறந்து வைத்து, பகல் பன்னிரண்டு மணி முதல் இரவு பத்து வரை விற்றுக்கொண்டே, குடிப்பவனை நிற்கவைத்து அவசரமாக ஊற்றி அனுப்புவது ஒழுக்கம் ஆகாது. பள்ளி, கோயிலிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று கடைக்குத் தூரத்தை அளந்து விதி எழுதிய அரசுக்கு, கடைக்குள் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதத் தெரியாதா?

இட்லியை ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதத்தை ஐந்து ரூபாய்க்கும் போட்டு 2013இல் அம்மா உணவகத்தைத் தொடங்கிய மாநிலம் இது. அடுப்பு, அரிசி, சுத்தம், ஆள் சம்பளம் என எல்லாவற்றையும் கணக்குப் போடத் தெரிந்த நிர்வாகம். அதே நிர்வாகத்தின் பார் ஒப்பந்தத்தில் தின்பண்டம் என்ற சொல் இருக்கிறது, சமையலறை என்ற சொல்லுக்கு வேலையில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏலத்தில் யார் அதிகத் தொகை கேட்டார் என்பதோடு, யாரிடம் தண்ணீர்க் குழாயும் கேஸ் அடுப்பும் கைகழுவும் இடமும் உள்ள சமையலறை இருக்கிறது என்றும் பார்க்கலாம். மூலையில் இருக்கும் டீக்கடைகூட உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை மாட்டி வைக்க வேண்டும் என்கிறபோது, அரசுக் கடையின் நிழலில் இருக்கும் பாரில் அந்த எண் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். விலைப்பட்டியல் தமிழில் தொங்கட்டும். அன்று சமைத்த சூடான பண்டம் இரண்டாவது கட்டாயம் இருக்கட்டும். அவித்த முட்டையும் சுண்டலும்கூடப் போதும், கோலா பர்கர் பிறகு தானாக வரும். நீதிமன்றம் சொன்னதன்பேரில் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைத்து, திருப்பிக் கொடுத்தால் காசு என்று நீலகிரியில் 2022இல் தொடங்கிய திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஒப்பந்தத்தின் இரண்டாவது பாதியை இப்படி ஒழுங்குபடுத்த முடிந்தது என்றால் முதல் பாதிக்கு என்ன தடை?

இரவு பத்து மணி. கடை ஷட்டர் இறங்கும் சத்தம் ரோட்டின் எதிர்ப்புறம் வரை கேட்கிறது. கடைசிக் கட்டிங் போட்டவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். முகத்தில் வெளிச்சம் பட்டதும்தான் வயிறு ஞாபகத்துக்கு வருகிறது. ஒருவர் ரோட்டைக் கடந்து பர்கர் வண்டிக்கு வந்து, பிளெக்ஸில் இருக்கும் ஒரு சாண் பர்கரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

"இது ஒண்ணு குடு தம்பி."

"பன்னு தீந்துருச்சுண்ணே. பக்கத்துக் கடையில கல்லு இன்னும் சூடாத்தான் இருக்கு, பரோட்டா இருக்கான்னு கேளுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, பரோட்டாக் கடையின் மரப்பெஞ்சை நோக்கித் தாறுமாறாக நடக்கிறார்.